விண்ணை அளந்தவருக்கு மண் சொன்ன பாடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

பறக்கும் பறவையை அண்ணாந்து பார்க்காதவர் எவரும் இல்லை. ஆனால் அது தரையில் இறங்கிக் காலூன்றிச் சிறகை மடக்கும் நேரத்தில் நம் பார்வை வேறெங்கோ சென்றுவிடுகிறது. வானூர்தி ஓட்டியவர்களின் வரலாற்றையும் நாம் இப்படியே படித்து வருகிறோம். எத்தனை மைல் பறந்தார், எத்தனை மணி நேரத்தில் கடலைக் கடந்தார் என்பவை நூல்களில் விரிவாக இடம்பெறுகின்றன. விமானம் ஓடுதளத்தில் ஓடிய சில வினாடிகள் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன.

சிறிய தனியார் விமானங்களைப் பொறுத்தவரை ஆபத்து தரையிலேயே தொடங்கிவிடுகிறது. சுழலும் விசிறி, வழியும் பெட்ரோல், குறி வைக்கப்படாத பள்ளம், ஓடுதளத்தின் குறுக்கே வந்து நிற்கும் மோட்டார் வண்டி, மழையில் ஊறிய புல்தரை ஆகிய அனைத்தும் விமானியின் உயிரோடு விளையாடக் கூடியவை. இந்த உண்மையை எனக்கு உணர்த்திய வாழ்க்கை வரலாறு அமீலியா ஏர்ஹார்ட் அம்மையாருடையது. அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாகப் பறந்து கடந்த முதற் பெண்மணி என்று அவரைப் பள்ளிப் பாடத்திலேயே அறிந்தோம். அந்த வாழ்வைத் தரையில் நின்று பார்த்தால் என்ன தெரிகிறது என்பதை நம் கல்லூரி நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் சொல்ல விழைகிறேன்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க நாட்டின் கான்சாஸ் மாநிலத்தில் அட்சிசன் என்னும் ஊரில் 1897ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் அமீலியா பிறந்தார். தங்கை மியூரியலும் அவரும் ஆண் பிள்ளைகளைப் போல மரம் ஏறியும் பனிச்சறுக்கு விளையாடியும் வளர்ந்தனர். ஏழு வயதில் அவர் வீட்டுக் கொட்டகையின் கூரையிலிருந்து தரை வரை பலகைகளைச் சரிவாகப் பொருத்தி, ஒரு மரப்பெட்டியில் அமர்ந்து சறுக்கி வந்தார். பெட்டி கவிழ்ந்தது, உதடு காயமுற்றது, உடை கிழிந்தது. ஆயினும் சிறுமி மகிழ்ச்சியோடுதான் எழுந்தாள். அவருடைய முதற் பறத்தலும் முதல் தரைவிபத்தும் ஒரே நாளில் நிகழ்ந்தன என்று சொல்லலாம்.

1908இல் ஒரு பொருட்காட்சியில் அவர் முதன்முதலாக விமானத்தைக் கண்டார். துருப்பிடித்த கம்பியும் மரமும் சேர்ந்த அந்தப் பொருள் அவரைச் சிறிதும் கவரவில்லை. முதல் உலகப் போரின்போது கனடாவின் டொராண்டோ நகருக்குச் சென்றவர், காயமுற்று வந்த வீரர்களின் நிலை கண்டு மனம் உருகிப் படைவீரர் மருத்துவமனையில் செவிலியருக்கு உதவியாளராகத் தொண்டு செய்தார். 1920ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் கலிபோர்னியாவின் லாங் பீச்சில், பிராங்க் ஹாக்ஸ் என்னும் விமானி பத்து டாலர் கட்டணத்தில் அவரைப் பத்து நிமிடம் வானில் ஏற்றிச் சென்றார். அந்தப் பத்து நிமிடத்தில் அவருடைய வாழ்வின் திசை முடிவாகிவிட்டது.

1921ஆம் ஆண்டு தொடக்கத்தில் நெட்டா சுனூக் என்ற பெண் விமானியிடம் பயிற்சி பெறத் தொடங்கினார். பேருந்து கடைசியாக நிற்கும் இடம் வரை சென்று, அங்கிருந்து சில மைல் நடந்துதான் பயிற்சித் திடலை அடைய வேண்டும். கட்டணத்துக்காகத் தொலைபேசி நிறுவனத்தில் எழுத்தர் வேலை பார்த்தார். சேமித்த பணத்துடன் வீட்டாரின் உதவியும் சேர, மஞ்சள் நிறக் கின்னர் விமானம் ஒன்றை வாங்கினார். 1922இல் 14,000 அடி உயரம் பறந்து பெண்களுக்குள் சாதனை படைத்தார். 1923இல் பன்னாட்டு விமானி உரிமத்தைப் பெற்றார்.

அக்காலச் சிறு விமானங்களின் தரை நிலையை இங்கே சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். பல விமானங்களில் என்ஜினைக் கிளப்பப் பொறி கிடையாது. ஒருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுழற்றிவிட்டு உடனே பின்வாங்க வேண்டும். சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க மறந்தால், கிளம்பிய விமானம் சுழற்றியவர் மீதே பாய்ந்து வரும். வேகமாகச் சுழலும் விசிறி கண்ணுக்கு மங்கலான வட்டமாகவே தெரியும். அருகில் செல்பவர் அதைக் காணத் தவறுவது எளிது. ஓடுதளம் என்று பெயர் பெற்றது பெரும்பாலும் புல்தரையே. அந்தப் புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சக்கரம்தான் முதலில் அறியும்.

மறைந்திருந்த பள்ளம்

1928ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரண்ட்ஷிப் என்னும் விமானத்தில் வில்மர் ஸ்டல்ட்ஸ், லூயி கார்டன் ஆகிய இருவருடன் அமீலியா அட்லாண்டிக்கைக் கடந்தார். நியூபவுண்ட்லாந்திலிருந்து வேல்ஸ் நாட்டின் பரி போர்ட் வரை 20 மணி 40 நிமிடப் பயணம். உலகமே அவரைக் கொண்டாடியது. அவருக்கோ அதில் நிறைவில்லை. விமானத்தை ஓட்டியவர் வேறொருவர். தாம் ஒரு மூட்டையைப் போல ஏற்றிச் செல்லப்பட்டதாகவே அவர் கருதினார்.

அதே ஆண்டு, இங்கிலாந்தின் மேரி ஹீத் சீமாட்டியிடமிருந்து வாங்கிய ஆவ்ரோ ஏவியன் என்னும் சிறு விமானத்தில் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டார். ஆகஸ்டு இறுதியில் பிட்ஸ்பர்க் நகரின் ராட்ஜர்ஸ் திடலில் இறங்கினார். இறக்கம் முடிந்து விமானம் தரையில் ஓடிக்கொண்டிருந்தபோது குறி எதுவும் இல்லாத ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியது. விமானம் பெரிதும் சேதமுற்றது. வானத்தில் ஒரு பிழையும் நேரவில்லை. பயணம் முடிந்தது என்று மூச்சு விடும் நேரத்தில் விபத்து நேர்ந்தது. அமீலியா மனம் தளரவில்லை. மாற்று உறுப்புகளை வரவழைத்துப் பழுது பார்த்து மேற்குக் கரை வரை பறந்து திரும்பினார். அமெரிக்கக் கண்டத்தைப் போகவும் வரவும் தனியாகப் பறந்து கடந்த முதற் பெண்மணி என்ற பெயர் பெற்றார்.

இந்தப் பள்ளத்தைப் பற்றி நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். நம் வகுப்புகளில் என்னைப் போன்றோர் பலர் இருக்கின்றனர். முன்னே சென்ற அண்ணனோ அக்காளோ இல்லாத வீட்டில், எந்த விண்ணப்பத்தை எப்போது கொடுப்பது, எந்தப் பாடம் எதற்கு வழி விடும் என்று சொல்ல ஆள் இல்லை. முதலில் செல்பவருக்குப் பள்ளம் எங்கே இருக்கிறது என்று காட்டும் கொடி எதுவும் நடப்பட்டிருப்பதில்லை. எனவேதான் அமீலியாவின் கடல் கடந்த வெற்றியைவிடப் பிட்ஸ்பர்க் பள்ளம் என் நெஞ்சுக்கு அருகில் இருக்கிறது.

பந்தயமும் கண்டனமும்

1929ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் பெண்களுக்கான முதல் நெடுந்தூர விமானப் பந்தயம் நடைபெற்றது. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து ஓகையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து வரை இருபது பெண்கள் போட்டியிட்டனர். ஒருவர் பாலைவனத்தில் விழுந்து உயிரிழந்தார். தரையில் நேர்ந்தவை வேறு. யூமா என்னும் இடத்தில் அமீலியாவின் விமானம் ஓடுதள எல்லையைத் தாண்டி மணலில் புதைந்து விசிறி வளைந்தது. பான்சோ பார்ன்ஸ் என்பவர் இறங்கும்போது ஓடுதளத்தில் இருந்த மோட்டார் காரின் மீது மோதிப் பந்தயத்தை இழந்தார். வெற்றிக்கு மிக அருகில் இருந்த ரூத் நிக்கல்ஸ் கொலம்பஸ் நகரில் ஓடுதள ஓரத்து இயந்திர வண்டியில் மோதிக் கவிழ்ந்தார். லூயிஸ் தேடன் முதலிடமும் அமீலியா மூன்றாமிடமும் பெற்றனர். அந்தப் பந்தயத்தில் கூடிய பெண்களின் நட்பே, அதே ஆண்டு தொண்ணூற்றொன்பதின்மர் என்ற பெண் விமானிகள் சங்கமாக உருப்பெற்றது. அதன் முதல் தலைவர் அமீலியா.

1931இல் ஜார்ஜ் பட்னம் என்னும் பதிப்பாளரை அவர் மணந்தார். அதே ஆண்டு ஆட்டோஜைரோ என்னும் புதுவகை ஊர்தியில் ஈடுபட்டார். முன்னே விசிறியும், தலைக்கு மேல் காற்றின் வேகத்தால் தானே சுழலும் இறக்கைகளும் கொண்டது அது. அதில் 18,415 அடி உயரம் எட்டினார். ஆனால் தரை அவரை விடவில்லை. ஜூன் மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் அபிலீன் நகரில் புறப்படும்போது போதிய உயரம் கிட்டாமல் ஊர்தி தரையில் விழுந்தது. அங்கு நிறுத்தப்பட்டிருந்த கார்கள் சேதமுற்றன. கூடி நின்ற மக்களுக்குத் தீங்கு நேராதது நற்பேறே. அரசின் வணிகத் துறை அவருடைய கவனக்குறைவைச் சுட்டி முறைப்படி கண்டித்தது. புகழின் உச்சியில் இருந்தவரையும் சட்டம் கேள்வி கேட்டது என்பது கவனிக்கத்தக்கது.

செப்டம்பரில் டெட்ராய்ட் நகரத்துப் பொருட்காட்சியில் இறங்கும்போது ஊர்தி மீண்டும் தரையில் மோதி உடைந்தது. அமீலியா காயமின்றி வெளியே வந்தார். மனைவியைக் காப்பாற்ற ஓடிய பட்னம், தரையில் இழுத்துக் கட்டியிருந்த கம்பி தடுக்கி விழுந்து விலா எலும்பு முறிந்தார்! விபத்தில் சிக்கியவரைவிட உதவிக்கு ஓடியவருக்கு அதிகக் காயம். பதற்றமும் ஒரு தரை ஆபத்து என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

வெற்றியின் ஆண்டுகள்

1932ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் மாலை, நியூபவுண்ட்லாந்தின் ஹார்பர் கிரேசிலிருந்து லாக்ஹீட் வேகா விமானத்தில் தன்னந்தனியாகப் புறப்பட்டார். ஏறத்தாழ 15 மணி நேரத்துக்குப் பின் வட அயர்லாந்தின் லண்டன்டெரி அருகே ஒரு புல்வெளியில் இறங்கினார். அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த முதற் பெண்மணி ஆனார். 1935 ஜனவரியில் ஹவாய்த் தீவின் ஹொனலூலுவிலிருந்து கலிபோர்னியாவின் ஓக்லாந்துக்குப் பசிபிக் கடலின் மேல் தனியாகப் பறந்தார். இவ்வழியில் தனியாகப் பறந்தவர்களுள் ஆண் பெண் இரு பாலாரிலும் அவரே முதல்வர்.

அதே ஆண்டு மே மாதம் மெக்சிகோ நகரத்திலிருந்து நியூவார்க் நகருக்குப் பறந்தார். மெக்சிகோ கடல் மட்டத்துக்கு 7,000 அடிக்கு மேல் அமைந்தது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. எரிபொருள் நிறைந்த விமானம் எழும்ப நீண்ட ஓட்டம் தேவை. எனவே வறண்ட டெக்ஸ்கோகோ ஏரிப் படுகையில் அந்நாட்டுப் படைவீரர்கள் மேடுகளைச் செதுக்கிப் பள்ளங்களை நிரப்பி மூன்று மைல் நீள ஓடுதளம் அமைத்துக் கொடுத்தனர். அந்தப் பயணத்தைப் பற்றிய வரலாறுகளில் படைவீரர்களின் பெயர்கள் இல்லை. ஆனால் அவர்கள் மண்வெட்டி பிடிக்காமல் அந்தச் சாதனை இல்லை.

லூக் திடலின் சில வினாடிகள்

பர்டியூ பல்கலைக்கழகத்தில் மாணவியருக்கு அறிவுரையாளராக அமீலியா பணியாற்றினார். அப்பல்கலைக்கழக ஆராய்ச்சி அறக்கட்டளை வழியாகக் கிடைத்த நிதியால் 1936 ஜூலையில் லாக்ஹீட் எலக்ட்ரா என்னும் இரட்டை என்ஜின் விமானம் அவருக்குக் கிடைத்தது. உலகை நிலநடுக்கோட்டையொட்டிச் சுற்றி வருவது திட்டம்.

1937ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் ஓக்லாந்திலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டு ஹொனலூலுவை அடைந்தார். தொழில்நுட்ப ஆலோசகர் பால் மான்ட்ஸ், வழிகாட்டிகள் ஹாரி மானிங், பிரெட் நூனன் ஆகியோர் உடன் சென்றனர். போதிய கிரீஸ் இன்மையால் வலப்புற விசிறியின் இயக்கம் இறுகிப்போயிருந்தது. லூக் திடலின் பணிமனையில் அதைச் சரிசெய்தனர். மார்ச் 20ஆம் நாள் விடியற்காலை, 900 காலன் எரிபொருளுடன், அதாவது சற்றொப்ப 3,400 லிட்டருடன், விமானம் ஓடத் தொடங்கியது. எரிபொருளின் எடை மட்டும் 2,400 கிலோகிராமுக்கு மேல்.

ஓட்டம் வேகம் எடுக்கையில் விமானம் வலப்புறம் விலகியது. நேராக்குவதற்காக அமீலியா இடப்புற என்ஜினின் விசையைக் குறைத்தார். இப்போது அது இடப்புறமாகத் திரும்பியது, திரும்பியது நிற்கவில்லை. பக்கவாட்டு விசை முழுதும் வலப்புறச் சக்கரத்தின் மேல் விழவே அதன் தாங்குகால் முறிந்தது. விமானம் வயிற்றால் தரையைத் தேய்த்தபடி சுழன்று நின்றது. தீப்பொறி பறந்தது, பெட்ரோல் வழிந்தது.

இதன் இயற்பியலை நம் பாடத்தைக் கொண்டே விளக்கலாம். அக்கால விமானங்களுக்கு முன்னே இரண்டு பெரிய சக்கரங்களும் வாலில் ஒரு சிறு சக்கரமும் இருந்தன. பொருண்மை மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்திருக்கும். அம்பை இறகு முன்னே செல்லுமாறு எய்தால் என்ன ஆகும்? அது நேராகச் செல்லாமல் தன்னைத் தானே திருப்பிக்கொள்ளும். வால்சக்கர விமானத்தின் நிலையும் இதுவே. தரையில் உராய்ந்து தடுக்கும் சக்கரம் முன்னே இருக்கிறது. ஓட விரும்பும் பொருண்மை பின்னே இருக்கிறது. சிறிது கோணினாலும் பின்புறம் முன்னே வர முயல்கிறது. கோணல் மேலும் வளர்கிறது. வால் பகுதியில் பாரம் கூடினால் திருப்புவிசை இன்னும் பெரிதாகும். உடனே, அளவோடு திருத்த வேண்டும். தாமதித்தாலும் தீங்கு, மிகையாகத் திருத்தினாலும் தீங்கு. தரைச்சுழற்சி என்று சொல்லத்தக்க இவ்விபத்துக்கு டயர் வெடித்ததே காரணம் என்று சிலரும், என்ஜின் விசையை மிகையாக மாற்றியதே காரணம் என்று மான்ட்ஸ் முதலானோரும் கருதினர்.

இவ்வளவுக்கும் நடுவே அமீலியா ஒன்றைச் செய்தார். என்ஜின்களின் மின்பற்ற வைப்புச் சுவிட்சுகளை அணைத்தார். ஒரு பொறி பெட்ரோலைத் தொட்டிருந்தால் மூவரும் சாம்பலாகியிருப்பர். தீ எழவில்லை, ஒருவருக்கும் காயமில்லை. உதவிக்கு ஓடி வந்தவர்கள் கதவைத் திறந்தபோது நூனன் வரைபடங்களை ஒழுங்காக மடித்து வைத்துக்கொண்டிருந்தாராம். அமீலியாவின் வாழ்வில் மிகப் பெரிய வீரச்செயல் எது என்று என்னைக் கேட்டால், பலரும் சொல்லும் அட்லாண்டிக் பயணத்தை நான் சொல்ல மாட்டேன். கனவு கண்முன் நொறுங்கிக்கொண்டிருக்கும்போது கை தவறாமல் சுவிட்சைத் தேடிச் சென்றதே, அதைச் சொல்வேன்.

உடைந்ததும் உடையாததும்

நொறுங்கிய எலக்ட்ரா கப்பலில் ஏற்றப்பட்டுக் கலிபோர்னியாவின் பர்பேங்க் தொழிற்சாலைக்கு வந்தது. இரண்டு மாதங்களில் விமானம் புதியதாயிற்று. ஆனால் அந்த இரண்டு மாதங்களில் வேறு பல மாறிவிட்டன. பருவநிலை மாறியதால் மேற்கு நோக்கிய பயணம் கிழக்கு நோக்கியதாயிற்று. மோர்ஸ் தந்திக் குறியீட்டிலும் வானொலியிலும் வல்லவரான மானிங் விடுப்பு முடிந்து தம் பணிக்குத் திரும்பினார். நூனன் மட்டுமே உடன் சென்றார். அமீலியாவுக்கும் நூனனுக்கும் மோர்ஸில் போதிய பயிற்சி இல்லை. பின்னே தொங்கவிடும் நீண்ட ஏரியல் கம்பியும் மியாமி நகரில் கழற்றி வைக்கப்பட்டது.

முந்தைய திட்டத்தில் பசிபிக் கடலின் நடுவே உள்ள சிறு ஹௌலாந்து தீவு இரண்டாம் கட்டத்திலேயே வந்திருக்கும். உடல் களைப்பின்றி, மானிங் உடனிருக்க, அதைத் தேடியிருப்பர். புதிய திட்டத்தில் அது ஏறத்தாழ 22,000 மைல் பறந்த களைப்புக்குப் பின் வந்தது. உடைந்த தாங்குகாலை எல்லோரும் கண்டனர், சரிசெய்தனர். விபத்தின் விளைவாக உண்டான, கண்ணுக்குத் தெரியாத குறைகளை யாரும் எண்ணிக் கணக்கிடவில்லை. தரைவிபத்தின் செலவு முறிந்த இரும்போடு முடிந்துவிடுவதில்லை என்பதே இந்த வரலாறு எனக்குக் கற்பித்தது.

இரண்டாம் பயணம்

மே மாதம் ஓக்லாந்தில் தொடங்கிய பயணத்தில் டூசான் நகரில் நின்றிருந்த விமானத்தின் இடப்புற என்ஜின் தீப்பற்றியது. தீயணைப்புக் கருவி உதவியது, பெரிய சேதமில்லை. ஜூன் 1ஆம் நாள் மியாமியை விட்டு நீங்கித் தென் அமெரிக்கா வழியாகப் பிரேசிலின் நட்டால் நகரை அடைந்தனர்.

அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட வேண்டிய இரவில், விளக்கு அமைந்த நீண்ட ஓடுதளத்தில் காற்று எதிர்மாறாக வீசியது. இருண்ட புல்தரை ஓடுதளத்தையே பயன்படுத்த வேண்டியதாயிற்று. அமீலியாவும் நூனனும் டார்ச் விளக்குகளை ஏந்தி, அந்தப் புல்தரையின் முழு நீளத்தையும் காலால் நடந்து பார்த்தனர். எங்கே மேடு, எங்கே அடையாளம் என்று மனத்தில் குறித்துக்கொண்ட பின்னரே புறப்பட்டனர். பிட்ஸ்பர்க் பள்ளமும் லூக் திடலும் வீண்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? விமானத்தில் பறப்பவர் நடந்து பார்த்த அந்தத் தூரத்தை எந்தச் சாதனைப் பட்டியலும் கணக்கிட்டதில்லை.

ஆப்பிரிக்காவைக் கடந்து, அன்றைய இந்தியாவில் இருந்த கராச்சிக்கு ஜூன் 15ஆம் நாள் வந்தனர். 17ஆம் நாள் கல்கத்தாவின் டம்டம் திடலில் இறங்கினர். பருவமழை தொடங்கிய காலம். தரை ஊறிக் கிடந்தது. மேலும் மழை பெய்தால் புறப்படவே இயலாது என்று அறிந்து மறுநாள் காலையே கிளம்பினர். சக்கரங்களை ஈரமண் பற்றி இழுக்க, விமானம் நெடுந்தூரம் எழ மறுத்தது. இறுதியில் திடலின் எல்லையிலிருந்த மரங்களை மயிரிழையில் தாண்டியது. நம் நாட்டு மண்ணும் அவரை ஒருமுறை சோதித்துத்தான் அனுப்பியது.

ரங்கூன், பாங்காக், சிங்கப்பூர், பாண்டுங், டார்வின் வழியாக ஜூன் 29ஆம் நாள் நியூகினியின் லே நகரை அடைந்தனர். ஜூலை 2ஆம் நாள் காலை 10 மணிக்கு 1,000 காலனுக்கு மேற்பட்ட எரிபொருளுடன் விமானம் ஓடத் தொடங்கியது. ஓடுதளத்தின் நீளம் 3,000 அடி. அதன் முடிவில் கடல். விமானம் எழுந்தது. அந்தப் புறப்பாட்டைப் பதிவு செய்த படச்சுருளை ஆராய்ந்தவர்களுள் சிலர், அடிப்புறத்து ஏரியல் தரையில் உரசிக் கழன்று போயிற்று என்று கருதுகின்றனர். ஹௌலாந்து தீவு 2,500 மைலுக்கு அப்பால் இருந்தது. அங்கே காத்திருந்த இடாஸ்கா என்னும் கப்பலில் அமீலியாவின் குரல் தெளிவாகக் கேட்டது. கப்பலிலிருந்து அனுப்பிய குரல் செய்திகளுக்கோ விடை வரவில்லை. பின்னர்க் குரல் நின்றது.

போர்க்கப்பல்களும் விமானங்களும் ஏறத்தாழ 2,50,000 சதுர மைல் கடற்பரப்பைத் தேடின. விமானமும் இருவரும் கிடைக்கவில்லை. நாற்பதாவது பிறந்தநாளுக்கு மூன்று வாரமே இருந்த நிலையில் மறைந்த அம்மையார், 1939 ஜனவரியில் இறந்தவராகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டார்.

நாம் பெறும் பாடம்

அவருக்குப் பின் உலகம் பல திருத்தங்களைக் கண்டது. மூக்குச் சக்கரம் கொண்ட விமானங்கள் பெருகின. அவற்றில் பொருண்மை மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னே அமைவதால், கோணல் தானே திருந்தும். ஒவ்வொரு முறையும் புறப்படும் முன் பட்டியல் வைத்துச் சரிபார்க்கும் பழக்கம் நிலைபெற்றது. ஆனாலும் வால்சக்கரச் சிறு விமானங்கள் இன்றும் பறக்கின்றன. தரைச்சுழற்சியும் இன்றும் நிகழ்கிறது. விசிறியின் அருகே செல்பவரின் கவனத்துக்கு மாற்றாக எந்த இயந்திரமும் வந்துவிடவில்லை.

அமீலியா அம்மையார் குறையே இல்லாத விமானி அல்லர். கண்டனம் பெற்றார், பலமுறை தரையில் வீழ்ந்தார், வானொலிக் கலையில் செலுத்த வேண்டிய கவனத்தைச் செலுத்தாமல் சென்றார். இவற்றை மறைத்து அவரைத் தெய்வமாக்குவது அவருக்குச் செய்யும் நன்மை ஆகாது. தம் விபத்துகளை அவரே மறைக்கவில்லை. லூக் திடலில் நடந்ததைத் தம் நூலில் விளக்கமாக எழுதினார். அந்த நேர்மையினால்தான் பின்வந்தவர்கள் கற்க முடிந்தது.

தேர்வு, வேலை, வாழ்க்கை என்று நாமும் விரைவில் நம் ஓடுதளங்களில் ஓடப் போகிறோம். துணிவு வேண்டும் என்று நமக்குச் சொல்வோர் பலர். துணிவு நம்மிடம் போதிய அளவு இருக்கிறது. இல்லாவிடில் இந்தக் கல்லூரிக்கே வந்திருக்க மாட்டோம். துணிவோடு கூட, கிரீஸ் போட்டிருக்கிறதா என்று பார்க்கும் பொறுமையும், கோணும்போது அளவோடு திருத்தும் நிதானமும், உடைந்ததைச் சரிசெய்த பிறகு உடையாததுபோல் தோன்றுவதையும் ஒருமுறை தட்டிப் பார்க்கும் அறிவும் வேண்டும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நாம் இருட்டில் டார்ச் விளக்கோடு தரையை நடந்து பார்த்துச் செல்வோம். நாம் கண்ட பள்ளங்களின் ஓரத்தில் ஒரு கொடியையும் நட்டுச் செல்வோம். நம் பின்னால் தம்பி தங்கையர் வந்துகொண்டிருக்கின்றனர்.